வாசகர் கேள்வி பதில்: அணையின் நீர்மட்டமும் ஒரு முழம் மல்லிகையும்

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கடந்த ஜூன் மாதத்திலிருந்து இருவருக்கும் வீட்டிலேயே கற்பித்து வருகிறோம். எதையும் நேரில் பார்த்துக் கற்கட்டும் என்று மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், கீழடி, அழகர்மலை என்று ஐந்து இடங்களுக்கு அழைத்துச் சென்றோம். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது மகளுக்கு அழகர்மலைக் குரங்குகளும் மகனுக்கு ஜிகர்தண்டாவும்தான் நினைவில் இருந்தன. "இதற்குப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியிருக்கலாமே" என்கிறார் என் மாமியார். எங்கே தவறினோம்?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: குழந்தைகளிடம் குறை ஏதும் இல்லை, அம்மா. குரங்கு வந்தபோது உங்கள் மகள் கையிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஜிகர்தண்டாவை உங்கள் மகன் தானே கேட்டு வாங்கியிருப்பான். தாமாக ஏதேனும் செய்த இடங்கள் அவர்களிடம் தங்கிவிட்டன. பெரியவர்கள் விளக்கிக்கொண்டே போக, பின்னால் நடந்துவந்த இடங்கள் நழுவிவிட்டன. ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் அறுபது பிள்ளைகளை வரிசையாக மகாலுக்கு அழைத்துச் சென்று, ஆண்டையும் அரசர் பெயரையும் உரக்கச் சொல்லி எழுதிக்கொள்ள வைத்திருக்கிறேன். மறு வாரம் குறிப்பேட்டைப் பார்க்காமல் அவற்றைச் சொல்ல அவர்களில் ஒருவராலும் முடியவில்லை. அன்று ஒரு தூணைச் சுற்றிக் கைகோத்து நிற்கச் சொல்லி, வளைத்துப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று எண்ண வைத்திருந்தால் அந்தத் தூணாவது அவர்கள் நினைவில் நின்றிருக்கும் என்று இப்போதும் வருந்துகிறேன்.

இந்த வயதுக்கு, சில மாதங்களுக்குள் ஐந்து இடங்கள் மிக அதிகம் என்பது என் கருத்து. ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் அன்றாடம் வெளியாகிறது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி என்பதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு நாளின் அளவையும் மகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்து இணைத்து வரச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் கோடு மேலே ஏறுவதையும், பாசனத்துக்குத் திறந்துவிட்டபின் இறங்குவதையும் அவளே கண்டுபிடிப்பாள். தசமப் புள்ளியும் வரைபடமும் அதற்குள் வந்துவிடும். சிறியவனுக்கு உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கண்மாய் போதும். வாரம் ஒரு முறை கையைப் பிடித்துக் கரைமேல் அழைத்துச் சென்று, மடையில் நீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்று பார்த்து அவனே வரையட்டும். மடை எது, மிகுநீர் வழிந்தோடும் கலுங்கு எது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்பதை அங்கே வயல் வைத்திருக்கும் பெரியவர்களிடம் அவனையே கேட்கவிடுங்கள். உங்கள் மாமியாரும் இதில் சேரட்டும். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த ஆண்டையும், ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த ஆண்டையும் அவர் கண்ணால் கண்டவராக இருப்பார். அதைச் சொல்லும் உரிமை அவருடையது என்று நீங்கள் கருதினால், அவருடைய மனத்தாங்கலும் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இவ்வளவும் நடந்தபின் பயணம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2023 ஜூன் முதல் மீண்டும் போடி வரை ரயில் ஓடுகிறது. உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிபட்டியில் இறங்கினால், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை பக்கத்தில்தான். பல மாதங்கள் தாளில் எண்ணாக வைத்திருந்ததைத் தண்ணீராக எதிரே பார்க்கும்போது உங்கள் மகள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நேரம் விட்டுவைத்துப் போய்வாருங்கள்.

அடுத்த விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக லோயர் கேம்ப் வரை செல்லலாம். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை 1895-இல் முடிந்தது. அந்த நீர் மலையிலிருந்து பெருங்குழாய்களில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு ஆற்றில் சேருவதை அங்கே சாலையிலிருந்தே காட்டலாம். அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபமும் அங்கேதான் இருக்கிறது. "மேற்கே போக வேண்டிய தண்ணீர் மேலூர் வயலுக்கு எப்படி வந்தது?" என்ற கேள்வியைப் புறப்படும்போதே கொடுத்துவிடுங்கள், விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

மகாலுக்கும் இதே வழியில் திரும்பிப் போகலாம். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தோண்டிய மண்ணைக்கொண்டுதான் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள் என்று மதுரையில் சொல்வதுண்டு. மகால் கட்டப்பட்டது 1636-இல் என்றும் தெப்பக்குளம் 1645-இல் என்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன. இந்த இரண்டு எண்களையும் மகளிடம் கொடுத்து, அந்தச் சொல் பொருந்துமா என்று கேளுங்கள். குளம் வெட்டத் தொடங்கிய ஆண்டும் முடிந்த ஆண்டும் வேறாக இருக்கலாமே என்று அவள் சொன்னால், ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் வேண்டியதில்லை. கீழடிக்கு மறுபடி போகும்போது, பானை ஓடுகளில் உள்ள 'ஆதன்' என்ற பெயரின் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துகளைப் பார்த்து மகன் தன் பெயரை எழுதட்டும். அங்குள்ள வட்டச் சில்லுகள் அவன் தெருவில் விளையாடும் சில்லுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதும் அவன் கண்ணில் படட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சரளமான வாசிப்பும் பிழையற்ற எழுத்தும் வாய்ப்பாடும் சுற்றுலாவில் வந்துவிடா. காலையில் ஒரு மணி நேரம், பயண நாள்களிலும் தவறாமல், அவற்றுக்கென்று உட்கார வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே படிக்கும் பிள்ளை பின்னாளில் தேர்வு எழுத முடியுமா? சட்டச் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை இலவச, கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் கூறுகிறது. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. எனவே நன்கு யோசித்து முடிவெடுங்கள். இடையில் மனம் மாறினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அதே சட்டம் வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் பிள்ளை எழுதிய குறிப்பேடுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: நான் பூ வியாபாரம் செய்கிறேன். பயணத்துக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. பத்து வயது மகன் அதிகாலையில் என்னோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வருகிறான். இதையும் படிப்பு என்று சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், ஐயா, அவன் வேலையாளாக வராமல் கற்பவனாக வரும்வரை. தூக்கமும் படிப்பு நேரமும் கெடாமல் வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

நூறு கிராம் மல்லிகையை அவனிடம் கொடுத்து மொட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். அதிலிருந்து ஒரு கிலோவுக்கு எத்தனை என்று அவன் கணக்கிடட்டும். பிறகு வேறொரு நூறு கிராமை எண்ணிப் பார்க்கட்டும். இரண்டு எண்ணிக்கைகளும் ஒத்துவராது, ஏன் என்று கேளுங்கள். விலையைத் தேதிவாரியாக எழுதி வந்தால், பனிக் காலத்தில் வரத்துக் குறைவதும், தை முகூர்த்த நாள்களில் விலை ஏறுவதும் அவன் எழுத்திலேயே தெரியும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு, மொட்டை விடிவதற்குள் ஏன் பறிக்கிறார்கள் என்பதைத் தோட்டக்காரரிடம் கேட்டு அவனே எழுதிவரட்டும்.

வீட்டில் கட்டிய சரத்தை முதலில் உங்கள் முழத்திலும், பிறகு அவன் அம்மாவின் முழத்திலும், கடைசியில் அவனுடைய முழத்திலும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே சரம் மூன்று கணக்குக் காட்டும்போது, எந்த முழத்துக்குக் காசு வாங்குவது நியாயம் என்று அவனிடம் கேட்டுவிட்டு, சென்டிமீட்டர் அளவுகோலை அவன் கையில் கொடுங்கள்.