மீனை இடுப்பில் கட்டாதீர்கள்

கேள்வி: அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருக்கும் அண்ணாவிடம் போகிறேன். மூச்சடக்கிச் சுழியோடி, ஈட்டித் துவக்கால் மீன் பிடிக்க என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். சுழியோடத் தெரியும், சுறாவுக்குத்தான் பயம். முதலில் இங்கே பழகிப் பார்க்கலாமா? - வாசகர், நிலாவெளி

பதில்: இங்கே துவக்கைத் தொடவே வேண்டாம். இலங்கைக் கடலில் ஈட்டித் துவக்குக்குச் சட்டப்படி தடை. உங்கள் ஊருக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவும் அதைச் சுற்றிய கடலும் 2003 முதல் தேசியப் பூங்கா. மூச்சடக்கிச் சுழியோடுவதை மட்டும் பழகிக்கொண்டு போங்கள். அங்கேயும் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஈட்டியால் பிடிப்பது குற்றம். பெரும் பவளத்திட்டுப் பூங்காவின் பச்சை வலயங்களில் எந்த மீன்பிடியும் கிடையாது.

சுறா விஷயத்துக்கு வருவோம். குத்துப்பட்ட மீனின் இரத்தவாடை நீரோட்டம் போகும் திசையில்தான் போகும். அது துடிக்கிற அதிர்வோ எல்லாப் பக்கமும் பரவும். அந்தத் தாழ்ந்த, ஒழுங்கற்ற அதிர்வு சுறாவின் காதுக்கு நன்றாக எட்டும். அதனால் துடிப்பை முதலில் நிறுத்துங்கள். மீன் கைக்கு வந்ததும் செவுளைப் பற்றி அசையாமல் பிடித்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேற்பக்கமாகக் கத்தி முனையை இறக்குங்கள். மூளையில் பட்டால் உடல் சட்டென்று விறைத்து, வாய் பிளந்து, பிறகு தளர்ந்துவிடும். இன்னும் உதறினால் முனை தவறிவிட்டது, உடனே மறுபடி இறக்க வேண்டும்.

அடுத்தது மிதவை. 20 முதல் 30 மீற்றர் கயிற்றில் அதை இழுத்துச் சென்று, பிடித்த மீனை அதில் வையுங்கள். மீனைத் தண்ணீருக்கு மேலே வைக்கக்கூடிய, படகு வடிவ மிதவை என்றால் மிக நல்லது. மீனை இடுப்பு வாரில் கோர்த்தால் சுறா தேடிவரும் இரை உங்கள் தொடையருகே தொங்கும். நாங்கள் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாத பழக்கம் அது. மீனைக் கடலிலேயே வெட்டிக் குடல் எடுப்பதும் கூடாது.

விடியற்காலையும் அந்தி நேரமும் வேண்டாம். கலங்கிய தண்ணீரும் வேண்டாம். மாரி காலத்தில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக்குடாவைச் செம்மண்ணாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். குயின்ஸ்லாந்தின் ஆற்று முகங்களில் அப்படிப்பட்ட தண்ணீர்தான் காளைச்சுறாவுக்குப் பிடித்தமான இடம்.

சுறா வந்துவிட்டால் முகத்தை அதன் பக்கம் திருப்பி, கண்ணை எடுக்காமல் இருங்கள். துணையாள் முதுகோடு முதுகாக நிற்கட்டும். கைகால் அடித்து ஓடினால் அடிபட்ட மீனைப் போலத்தான் தெரிவீர்கள். ஈட்டியை உங்களுக்கும் சுறாவுக்கும் நடுவில் நீட்டித் தள்ளிவைக்கலாம், சுடக் கூடாது. காயம்பட்ட சுறா இன்னும் ஆபத்து. சுறா முதுகை வளைத்து, பக்கச் செட்டைகளைக் கீழே தாழ்த்தி, உடலை மிகையாக வளைத்து நீந்தினால் அது எச்சரிக்கை. அதன் வெளியேறும் வழியை மறிக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். மீனைக் கவ்விவிட்டதா? விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறுங்கள். ருசி கண்ட இடத்தில் அடுத்த மீனைக் குத்துவது மடத்தனம்.

இன்னொன்று. இந்தப் பொழுதுபோக்கில் சுறாவைவிட மூச்சு மயக்கமே, அதாவது மூச்சடக்கியிருக்கையில் தண்ணீரில் நினைவிழப்பதே, அதிகம் பேரைக் கொல்கிறது. இறங்குமுன் வேகவேகமாக மூச்சு இழுக்காதீர்கள். கீழே இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே ஓய்வெடுங்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும்.

கேள்வி: புறாமலையில் பிள்ளைகளோடு மிதந்தபோது சுறாவைக் கண்டோம். இனிப் போகலாமா? - வாசகி, மூதூர்

பதில்: தாராளமாகப் போங்கள். அங்கே வழக்கமாகத் தெரிவது செட்டை நுனி கறுத்த சிறு சுறா. பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள் இருக்கும், கூச்ச சுபாவம். தீனி போடாதீர்கள், துரத்தாதீர்கள். முழங்கால் ஆழத்தில் கால் வைத்து நடப்பதைவிட மிதப்பது நல்லது. ஆழமற்ற தண்ணீரில் அசையும் காலை மீனென்று எண்ணி அது கடித்ததுண்டு. பவளத்துக்கும் மிதிபடாத நன்மை.

கேள்வி: கடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? - வாசகர், உப்புவெளி

பதில்: இரத்தத்தை நிறுத்துங்கள். துணியைக் காயத்தின்மேல் வைத்துக் கைகளால் பலமாக அழுத்துங்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு 5 முதல் 8 சென்ரிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டியைச் சுற்றி, ஒரு தடியால் முறுக்கி, ஒழுக்கு நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள், இடையில் தளர்த்த வேண்டாம். வள்ளம் கரை சேருமுன்பே 1990 அம்புலன்ஸை அழைத்து, எந்தக் கரையில் இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.