அவுட்லுக் ஆட்-இன் பாதியில் ஊமையாகிறதா? மடிக்கணினியை மாற்றாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அலுவலகத்துக்காக அவுட்லுக் ஆட்-இன் (அவுட்லுக்கோடு சேர்ந்து ஓடும் சிறு துணை நிரல்) ஒன்றை நானே சி ஷார்ப் மொழியில் எழுதினேன். மெயில் எழுதும் சாளரம் திறந்ததும் பக்கத்தில் ஒரு பலகை வந்து கோப்பு எண்ணைக் கேட்கும். சாளரத்தை மூடும்போது அதைப் பதிவு செய்யும். காலையில் நன்றாக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் பலகை வருவது நின்றுவிடுகிறது. அவுட்லுக்கை மூடித் திறந்தால் மறுபடி வருகிறது. சில பதில் மெயில்களுக்கு எப்போதுமே வருவதில்லை. மெமரி போதவில்லை, எல்லா மடிக்கணினிகளையும் மாற்றி ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட வேண்டும் என்கிறார் எங்கள் ஐடி வெண்டர். உண்மையா?

பதில்: இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஓடி, பிறகு சத்தமில்லாமல் நின்று, மறுபடி திறந்தால் ஓடுவது உங்கள் கோடில் (நிரல் வரிகளில்) இருக்கும் குறையின் அடையாளம். திருத்துவதற்கு ஒரு பிற்பகல் போதும்.

நடப்பது இதுதான். ஆட்-இன் தொடங்கும் இடத்தில் 'அப்ளிகேஷன்.இன்ஸ்பெக்டர்ஸ்.நியூஇன்ஸ்பெக்டர்' என்று ஒரே வரியில் ஈவென்டை (ஒன்று நடந்ததும் அவுட்லுக் தரும் அறிவிப்பை) இணைத்திருப்பீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பாதி அப்படித்தான் இருக்கின்றன. அவுட்லுக் மொழியில் தனியாகத் திறக்கும் மெயில் சாளரம்தான் 'இன்ஸ்பெக்டர்'. அந்த வரியில் 'இன்ஸ்பெக்டர்ஸ்' என்ற ஆப்ஜெக்ட் தற்காலிகமாக உருவாகிறது, ஈவென்ட் அதில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஃபங்ஷன் முடிந்ததும் அந்த ஆப்ஜெக்டை எந்த வேரியபிளும் பிடித்திருக்கவில்லை. யாரும் பிடிக்காத ஆப்ஜெக்டை சி ஷார்ப் ஓடும் டாட்நெட்டில் மெமரியைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் தனக்குத் தோன்றும் நேரத்தில் கூட்டித் தள்ளிவிடும். அதுவரை ஈவென்ட் வரும், அதற்குப் பிறகு வராது. பிழைச்செய்தி ஒன்றும் கிடைக்காது.

புது மடிக்கணினியில் மெமரி கூடினால் இந்தக் கூட்டித் தள்ளல் சற்றுத் தள்ளிப் போகலாம். காலை பத்து மணிக்கு வந்த கோளாறு மாலை நான்குக்கு வரும். வெண்டரும் "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று சொல்லி பில்லை நீட்டுவார்.

திருத்தம் எளிது. 'இன்ஸ்பெக்டர்ஸ்' ஆப்ஜெக்டை ஆட்-இன் கிளாஸ் மட்டத்தில் ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு சிறு கிளாஸ் எழுதி, அந்த இன்ஸ்பெக்டரையும் அதன் பலகையையும் அதற்குள் பிடித்து, அதை ஒரு லிஸ்டில் போடுங்கள். மூடும் ஈவென்ட் வந்ததும் ஈவென்டுகளைக் கழற்றி, பலகையை நீக்கி, லிஸ்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். 'குளோஸ்' என்ற பெயரில் ஒரு மெத்தடும் ஒரு ஈவென்டும் இருப்பதால் கம்பைலர் முரண்டு பிடிக்கும். இன்ஸ்பெக்டரை 'இன்ஸ்பெக்டர்ஈவென்ட்ஸ்_10_ஈவென்ட்' வகைக்கு காஸ்ட் செய்து (வகை மாற்றி) இணைத்தால் அடங்கிவிடும். இன்னொன்று: நியூஇன்ஸ்பெக்டர் ஈவென்ட் சாளரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே வந்துவிடுகிறது. மெயிலின் உள்ளடக்கத்தை அங்கே தொடாதீர்கள். முதல் 'ஆக்டிவேட்' வரை பொறுங்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். சோதனைக்கென்று ரிப்பனில் ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் 'ஜிசி.கலெக்ட்' (கார்பேஜ் கலெக்டரை அப்போதே ஓட வைக்கும் கட்டளை) ஓடும்படி செய்யுங்கள். கூடவே 'வெயிட்ஃபார்பெண்டிங்ஃபைனலைசர்ஸ்', பிறகு மறுபடி 'ஜிசி.கலெக்ட்'. இப்போதுள்ள கோடில் பொத்தானை அழுத்தியவுடன் பலகை நின்றுபோனால் காரணம் நிரூபணமாகிவிட்டது. திருத்திய பிறகும் இதையே செய்து பாருங்கள். பொத்தானை உங்கள் மேலாளர் முன்னால் அழுத்துவது இன்னும் நல்லது.

வெண்டர் விஷயத்தை இதோடு விட எனக்கு மனமில்லை. நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கோடைத் திறந்துகூடப் பார்க்காமல் வன்பொருளைக் குறை சொல்வார்கள். ஆட்-இன் மெதுவாக இருந்தால் அவுட்லுக் தானே அதை முடக்கும். சாளரம் திறப்பதில் அதன் எல்லை 500 மில்லிசெகண்ட். காரணத்தைச் சரிசெய்யாமல், முடக்காதே என்று விண்டோஸ் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிட்டு அதற்கும் காசு வாங்குவார்கள். நிர்வாகி பாஸ்வேர்டைக் கேட்பார்கள், மூலக்கோடைத் தரமாட்டார்கள். யாரையாவது அமர்த்தியே ஆக வேண்டுமென்றால், மூலக்கோடும், ஆட்-இன் யாருடையது என்று காட்டும் கையொப்பச் சான்றிதழும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

"பாதிப் பணத்தை அரசாங்கம் தரும்" என்று ஆசை காட்டினால் இன்னும் கவனம். சிங்கப்பூர் அரசின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 50 சதவீதம் வரை உதவுவது உண்மை. ஆனால் அது முன்கூட்டியே அங்கீகரித்த தீர்வுகளுக்கானது, நீங்கள் எழுதிய ஆட்-இன்னைப் பழுதுபார்க்க அல்ல. விண்ணப்பிக்கும் முன்பே பணம் கட்டினால் தகுதி போய்விடும். மானியம் வந்ததும் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள். அந்தக் குற்றத்தில் உங்கள் நிறுவனமும் மாட்டும்.

இனி அந்தச் "சில பதில் மெயில்கள்". இது தனிக் கதை. மேலே சொன்ன திருத்தம் இதைத் தீர்க்காது. அவுட்லுக் 2013 முதல், வாசிப்புப் பலகத்தில் பதிலளி என்று அழுத்தினால் புதுச் சாளரம் திறப்பதில்லை, அந்த இடத்திலேயே எழுதலாம். சாளரம் இல்லாததால் இன்ஸ்பெக்டரும் இல்லை, நியூஇன்ஸ்பெக்டர் ஈவென்டும் இல்லை. அங்கே வருவது எக்ஸ்ப்ளோரரின் (மெயில் பட்டியல் இருக்கும் முதன்மைச் சாளரத்தின்) 'இன்லைன்ரெஸ்பான்ஸ்' ஈவென்ட். அதைத் தனியாக இணைக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரையும் கிளாஸ் மட்டத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதைதான். காலண்டரையோ இன்னொரு ஃபோல்டரையோ தனிச் சாளரத்தில் திறப்பவர்கள் இருப்பார்கள். அது இரண்டாவது எக்ஸ்ப்ளோரர். 'எக்ஸ்ப்ளோரர்ஸ்.நியூஎக்ஸ்ப்ளோரர்' வழியாக அதிலும் இணைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே 'பாப் அவுட்' அழுத்தினால் அதே மெயில் தனிச் சாளரத்துக்குப் போகும், அப்போது நியூஇன்ஸ்பெக்டர் வரும். கோப்பு எண்ணை ஏற்கெனவே கொடுத்தவரிடம் உங்கள் பலகை மறுபடி கேட்கும். எண்ணைப் பலகையில் வைக்காமல் மெயிலின் யூசர் பிராப்பர்டியில் (மெயிலோடு ஒட்டியிருக்கும் தகவல் புலத்தில்) எழுதி வையுங்கள். பலகை திறந்ததும் முதலில் அங்கே இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரே வேலைக்கு மைக்ரோசாஃப்ட்காரர்கள் இத்தனை வாசல்களைக் கட்டிவிட்டு, எந்த வாசலில் எது வரும் என்பதை ஆவணங்களில் வெவ்வேறு மூலைகளில் சிதறவிட்டிருக்கிறார்கள். தனி ஆளாக எழுதுபவர் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார்?

அதனால் உண்மையான சோதனையைச் சாளரத்தில் தொங்கவிடாதீர்கள். கோப்பு எண் இல்லாமல் மெயில் வெளியே போகக்கூடாது என்பதுதானே உங்கள் நோக்கம்? 'அப்ளிகேஷன்.ஐட்டம்சென்ட்' ஈவென்டில் அதைப் பாருங்கள். தனிச் சாளரமோ வாசிப்புப் பலகமோ, அனுப்பு அழுத்தினால் அது வரும். எண் இல்லையென்றால் 'கேன்சல்' கொடுத்து நிறுத்தலாம். சந்திப்பு அழைப்புகளும் அதே வழியாகப் போகும் என்பதால் மெயில்தானா என்று முதலில் பாருங்கள். பதிவு செய்யும் வேலையையும் மூடும் ஈவென்டிலிருந்து இங்கே கொண்டுவாருங்கள்.

கடைசியாக, இந்த வகை ஆட்-இன் எதுவும் விண்டோஸின் புதிய அவுட்லுக்கில் ஓடாது. பழைய அவுட்லுக்குக்கு 2029 வரையாவது ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. யாராவது வந்து திரையின் மூலையில் உள்ள புதிய அவுட்லுக் பொத்தானைத் தட்டிவிட்டு, "உங்கள் ஆட்-இன் கெட்டுப்போய்விட்டது, புதிதாக எழுத வேண்டும்" என்று சொன்னால், அதே பொத்தானை மறுபடி தட்டுங்கள். புதியதற்கு மாறும் நாள் வந்தால் இணைய வகை ஆட்-இன் எழுத வேண்டியிருக்கும். அதில் இந்தச் சாளர ஈவென்டுகள் கிடையாது, ஆனால் அனுப்பும்போது வரும் 'ஆன்மெசேஜ்சென்ட்' உண்டு. சோதனையை இப்போதே அனுப்பும் இடத்துக்கு நகர்த்தி வைத்தால் அன்றைக்கு மாற்ற வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.