பல்லும் எலும்புதானா? தாடையில் அது எப்படி நிற்கிறது?

பல்லும் எலும்பின் ஒரு பகுதிதானா, தாடையோடு ஒட்டியே வளர்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில், இல்லை என்பதே.

பல்லின் மேலுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளால் ஆனது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். முறிந்த எலும்பு மீண்டும் கூடிவிடும். ஆனால் எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுவதால், சொத்தை அரித்த இடத்தில் அது மறுபடி வளர்வதில்லை. எனாமலுக்கு அடியில் டென்டின் என்னும் கடினமான திசுவும், நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழும் இருக்கின்றன.

எனக்கு இதில் மிகவும் வியப்பளிப்பது, பல் நிற்கும் விதம். வேர், தாடையெலும்பின் குழிக்குள் இருந்தாலும் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் பல்லை ஊஞ்சல்போலத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டால், நாம் நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே வாய் சட்டென்று திறந்துகொள்கிறதல்லவா? அந்த நார்களுக்கிடையே உள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தை உடனே உணர்வதே அதற்கு முக்கியக் காரணம்.

மேல்தாடை மண்டையோட்டோடு அசையாமல் பிணைந்தது. அசைவது கீழ்த்தாடை மட்டுமே. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், அதன் மூட்டு முன்னும் பின்னும் நகர்வதை உணரலாம்.

பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல்லைப் பிடுங்கிய பின் அது மெல்லக் கரைந்துவிடுவதால்தான், பல்லெல்லாம் போன முதியவர்களின் கன்னமும் உதடும் உள்வாங்கித் தெரிகின்றன.