ஏ.ஐ. எழுதிய நிரலைத் திருத்தும் வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: நான்கு ஆண்டுகளாகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் நிரல் எழுதி வருகிறேன். ஏ.ஐ. தரும் நிரல்களை வீட்டிலிருந்தே சரிபார்த்துத் திருத்தும் ஃப்ரீலான்ஸ் வேலையில் சேர ஆசை. இன்னும் இரண்டு நிரல்மொழிகள் கற்றுக்கொண்டு விண்ணப்பிக்கலாமா?

பதில்: அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு மொழியில் ஆழம் இருந்தால் போதும். இந்த வேலையில் ஆளை எடைபோடுவது, பிழையை எப்படி எழுதிக் காட்டுகிறார் என்பதை வைத்துத்தான்.

பெரும்பாலும் ஒரே கேள்விக்கு ஏ.ஐ. கொடுத்த இரண்டு விடைகள் உங்களிடம் வரும். எது மேல், ஏன் என்று எழுத வேண்டும். சில சமயம் திருத்தியும் தர வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 'பாதியும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த முழு எண்ணாக்கு' என்பது கேள்வி. ஏ.ஐ., எண்ணை முழு எண்ணாக்க பைத்தானிலேயே உள்ள 'ரவுண்ட்' என்ற செயற்கூற்றைப் போட்டிருக்கிறது. 2.4, 2.6, 3.5 மூன்றுக்கும் சரியான விடை வருகிறது. கண்ணால் மட்டும் படிப்பவர் இங்கேயே 'சரி' என்று எழுதிவிடுவார். 2.5 கொடுத்து ஓட்டிப் பாருங்கள். 3 வராது, 2 வரும். பைத்தான் 3-இல் சரிபாதியில் நிற்கும் எண் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். 'கணக்கு தவறு' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், காரணம் என்ன, தசமக் கணக்குக்கான 'டெசிமல்' என்ற பைத்தான் தொகுதியைக் கொண்டு எப்படிச் சரிசெய்வது என எழுதுங்கள். நல்ல மதிப்பாய்வு அதுதான். இன்றைக்கே நான்கைந்து நிரல்களை எடுத்து இப்படி எழுதிப் பழகுங்கள்.

ஏ.ஐ. சில நேரம் இல்லாத நூலகத்தின் (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரையும் துணிந்து சொல்லும். அதே பெயரில் தீங்கு நிரலை ஏற்றிவைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. எனவே நூலகம் உண்மையானதா என்று பார்க்காமல் நிறுவாதீர்கள். எந்த நிரலையும் தனி மெய்நிகர் கணினியில், அதாவது உங்கள் கணினிக்குள் மென்பொருளால் பிரித்து உருவாக்கிய தனிக் கணினியில், ஓட்டுங்கள். வேலைக்கான தேர்வு என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் நிரலுக்கு இது கட்டாயம். அந்த வழியில் கடவுச்சொற்களைத் திருடும் கூட்டம் இருக்கிறது.

மதிப்பாய்வை இன்னொரு ஏ.ஐ.யிடம் எழுதி வாங்காதீர்கள். அதைத் தடைசெய்யும் ஒப்பந்தங்கள் பல; நிரலை வெளியே கொடுப்பது ரகசியக் காப்பையும் மீறும்.

பதிவுக்கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள். வழிகாட்டுக் குறிப்புகளைப் படிக்கும் நேரத்துக்கும் ஊதியம் உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். திட்டம் முடிந்தால் வேலையும் நின்றுவிடும் என்பதால், இப்போதைய வேலையை விடாமல் மாலை நேரங்களில் தொடங்குங்கள்.