அந்த மூன்று வரிகளில் ஒன்று

கேள்வி: அன்புள்ள மேடம், எனக்கு 27 வயது. ஒரு பத்திரிகையில் மூன்று வருடமாக ஃபேஷன் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு பெரிய டிசைனரின் ஷோவுக்குப் போய் விமர்சனம் எழுதினேன். 'புதுமை என்று எதுவும் இல்லை', 'பல உடைகள் பார்க்கவே சகிக்கவில்லை', 'கோட்டுகளில் அக்குள் தையல் இழுத்துப் பிடித்ததால் இரண்டு மாடல்களால் கையைத் தூக்க முடியவில்லை' என்ற மூன்று வரிகளையும் எடிட்டர் வெட்டிவிட்டார். அந்த நிறுவனம் எங்களுக்கு விளம்பரம் தருகிறது. கட்டுரை வெளியான மறுநாள் அவர்களிடமிருந்து எனக்கு ஒரு கைப்பை பரிசாக வந்தது. திருப்பி அனுப்பவா, வைத்துக்கொள்ளவா என்று தெரியாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். அரசியல் செய்தி எழுதும் நண்பர்கள் என்னைத் 'துணி நிருபர்' என்று கிண்டல் செய்கிறார்கள். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். வயது ஏற ஏற இந்த வேலையில் என்ன ஆவேன் என்ற பயம் வேறு. பேசாமல் வேறு டெஸ்க்குக்கு மாறிவிடவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் எடிட்டர் மேல் கோபம் வந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் உங்கள் மேலும் வந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள்.

அந்த மூன்று வரிகளையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். 'புதுமை இல்லை' என்று எழுத ஷோவுக்குப் போகவே வேண்டாம். எந்த டிசைனரைப் பற்றியும் எந்த வருடமும் வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். 'சகிக்கவில்லை' என்பதிலிருந்து உங்கள் ரசனையைத் தெரிந்துகொள்ளலாம், உடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இந்த இரண்டையும் அடித்திருப்பேன், விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும்.

மூன்றாவது வரி அப்படியில்லை. தையல் இழுக்கிறது, கை மேலே போகவில்லை, இரண்டு பேருக்கு அப்படி ஆனது. இது செய்தி. ஒருவேளை ஆர்ம்ஹோலை, அதாவது கையை உடம்போடு இணைக்கும் துளையை, தாழ்வாக வெட்டியிருப்பார்கள். தாழ்வாக இருந்தால் தாராளமாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் கையைத் தூக்கும்போது உடை முழுவதும் கூடவே ஏறிக்கொண்டு வந்து இழுக்கும். அந்தக் கோட்டைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். அரங்கு நிறைய ஆட்கள் இருந்த இடத்தில் நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததை, போகிறபோக்கில் சொன்ன இரண்டு அபிப்பிராயங்களுக்குப் பின்னால் மூன்றாவதாகப் போட்டிருக்கிறீர்கள். என் கோபம் அதற்குத்தான்.

எடிட்டரிடம் போய்ப் பேசுங்கள். "முதல் இரண்டு வரிகளை எடுத்தது சரி, மூன்றாவது மட்டும் இனிமேல் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். ஷோவின் படங்களில் அந்தக் கை தெரிந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அபிப்பிராயத்தை வெட்டுவது எந்த எடிட்டருக்கும் சுலபம். கண்ணால் பார்த்த விவரத்தை வெட்ட ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியும் வெட்டினால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு வருடம் பாருங்கள். பார்த்து எழுதிய விவரங்கள் எல்லாமே விளம்பரத்துக்காகப் போகின்றன என்றால் அப்போது பத்திரிகையை மாற்றிக்கொள்ளலாம். துறையை மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கிண்டல். 2005 ஜனவரியில் போலந்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதன் 60-வது ஆண்டு நினைவு நிகழ்ச்சி நடந்தது. மற்ற தலைவர்களெல்லாம் அடர்நிறக் கோட்டில் இருக்க, அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி மட்டும் தொப்பி வைத்த பச்சை நிறப் பனி ஜாக்கெட்டில் உட்கார்ந்திருந்தார். வாஷிங்டன் போஸ்டின் ஃபேஷன் எழுத்தாளர் ராபின் கிவன் அதை எழுதினார். அரசியல் நிருபர்களும் அதே காட்சியைத்தான் பார்த்தார்கள். ஒரு நாட்டின் பிரதிநிதி அந்த இடத்துக்கு என்ன உடுத்தி வந்தார் என்பதே ஒரு செய்தி என்று கிவனுக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டு, 2006-ல், விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஃபேஷன் எழுதும் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. நண்பர்கள் அடுத்த முறை கிண்டல் செய்யும்போது இதைச் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் சிரித்துவிட்டுப் போங்கள். உங்கள் இஷ்டம்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2013 ஏப்ரல் 24-ம் தேதி வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருந்தன. யாருக்காக அங்கே தைத்தார்கள் என்று கண்டுபிடிக்க இடிபாடுகளில் பிராண்டு லேபிள்களைத் தேட வேண்டியிருந்தது. சட்டையின் கழுத்துப் பட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன லேபிளைப் படிக்கத் தெரிந்தவர்தான் ஃபேஷன் நிருபர். எந்தத் துணி, எந்த நாட்டில் தைத்தது, யார் தைத்தது என்ற கேள்விகள் உங்கள் பக்கத்துக்கு உரியவைதான். மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கடிதத்தில் ஷோவைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஃபேஷன் விமர்சகர் சூஸி மெங்கெஸ் பேர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் பதின்ம வயதில் பாரிஸுக்குப் போய் முதலில் படித்தது உடை தைப்பது. கேம்பிரிட்ஜில் வரலாறும் இலக்கியமும் படித்ததும், அங்கே மாணவர் பத்திரிகைக்கு எடிட்டரான முதல் பெண்ணானதும் அதற்குப் பிறகுதான். 1988-லிருந்து சுமார் 25 வருடம் இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழில் எழுதினார். உங்களை டிசைனராக்குவது என் நோக்கமில்லை. கை வைத்த சட்டை ஒன்று தைத்துப் பாருங்கள், போதும். அந்தக் கையை உடம்போடு இணைக்கும் இடத்தில் நாலு தடவை பிரித்துத் தைத்தவளுக்கு, ராம்பில் நடந்து வரும் கோட்டில் கண் தானாக அங்கேதான் போகும்.

ஷோ என்பது பத்து, பதினைந்து நிமிடம். அதற்குள் நோட்டில் 'அழகு', 'கம்பீரம்' என்று எழுதிக்கொண்டிருந்தால் உடை போய்விடும். மாடல் திரும்பும்போது துணி கூடவே திரும்புகிறதா, ஒரு நொடி கழித்துத் திரும்புகிறதா? உட்கார்ந்தால் அந்தப் பாவாடை என்ன ஆகும்? இப்படி எழுதுங்கள். முடிந்தால் மறுநாள் அவர்களுடைய ஷோரூமுக்குப் போய் அதே உடைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிருபர்கள் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. லைனிங், பிசிறு, கொக்கி, ஓரம் மடித்த அளவு, எல்லாம் அங்கே இருக்கும்.

கறாராக எழுதினால் அடுத்த தடவை அழைப்பு வராதே என்று கேட்பீர்கள். வராது, சில சமயம். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் கேத்தி ஹோரினுக்கு 2012-ல் பாரிஸில் நடந்த செயின்ட் லாரன்ட் ஃபேஷன் நிறுவனத்தின் ஷோவுக்கு அழைப்பு இல்லை. படங்களைப் பார்த்து அதை வெளிப்படையாகவே சொல்லி விமர்சனம் எழுதினார். அந்த நிறுவனத்தின் டிசைனர் ஹெடி ஸ்லிமான் கோபமாக ஒரு பகிரங்கக் கடிதத்தை ட்விட்டரில் போட்டார். ஹோரின் அதற்குப் பிறகும் எழுதினார். ஆனால் ஒன்று, அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நாளிதழ் இருந்தது. உங்களுக்கு அவ்வளவு பலம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எல்லா வரிக்கும் சண்டை போடாதீர்கள், மூன்றாவது வரிக்கு மட்டும் போடுங்கள் என்கிறேன்.

சரி, கைப்பை. திருப்பி அனுப்புங்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நிறுவனம் எனக்கு ஒரு பட்டு ஸ்கார்ஃப் அனுப்பியது. 'ஒரு ஸ்கார்ஃபுக்கா விலை போய்விடுவேன்' என்று வைத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர்களுடைய அடுத்த ஷோவைப் பற்றி எழுதும்போது 'தொய்வான' என்று எழுதிவிட்டு, அடித்து, 'தளர்வான' என்று போட்டேன். ஒரே ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியாது. அந்த ஸ்கார்ஃபை அப்புறம் நான் கட்டவே இல்லை. மெங்கெஸ் தனக்கு வரும் பரிசுகளைத் திருப்பி அனுப்புவதற்குப் பேர் போனவர். பூவும் சாக்லேட்டும் தவிர வேறெதையும் வாங்கக்கூடாது என்பது அவர் சொல்லும் கணக்கு. நல்ல கணக்கு. இரண்டுமே ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

கல்யாணமும் வேலையும் சேர்ந்து போகுமா என்பதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. மெங்கெஸுக்கு மூன்று மகன்கள். 2020-ல் வோக் பத்திரிகையை விட்டு விலகும்போது எழுபதைத் தாண்டியிருந்தார். அதனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்று ஃபேஷன் வாரங்கள் வரிசையாக வரும், பிப்ரவரி-மார்ச்சில் ஒரு மாதம், செப்டம்பர்-அக்டோபரில் ஒரு மாதம். நீங்கள் நேரில் போனாலும், திரையில் பார்த்து எழுதினாலும் அந்த மாதங்களில் வீட்டுக்கு நீங்கள் பாதிதான். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காலண்டரில் குறித்துக் காட்டுங்கள், அதுதான் புரியும்.

வயதைப் பற்றிய பயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. இது மாடல்களின் பயம். உங்களுக்கு எதற்கு? இருபது வருடத்துக்கு முன்னால் வந்த தோள்பட்டை இப்போது திரும்ப வந்திருக்கிறது என்று நேரில் பார்த்த ஞாபகத்தில் சொல்ல இளம் நிருபரால் முடியாது. அதற்கு உங்கள் குறிப்பு நோட்டுகளைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் வேண்டாம், வீட்டில்.

இன்னொரு சின்ன விஷயம். சம்பளம் போதாமல் வெளியில் எழுதுவீர்கள், எல்லோரும் எழுதுகிறோம். எந்த பிராண்டுக்கு விளம்பர வாசகம் எழுதினீர்களோ அந்த பிராண்டை விமர்சனம் செய்ய வேண்டாம். எடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பையோடு நீளமான கடிதம் எதுவும் வைக்க வேண்டாம். "அன்புக்கு நன்றி. நான் எழுதும் நிறுவனங்களிடமிருந்து பரிசு பெறுவதில்லை. அடுத்த ஷோவில் சந்திப்போம்." இவ்வளவு போதும், அனுப்பியதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேக் செய்வதற்கு முன்னால் அந்தப் பையை ஒரு தடவை உள்பக்கமாகத் திருப்பி, லைனிங்கை எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கும் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.