சிஸ்டர் பதில்கள்: நாயை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

(மும்பை பரேலில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாகர்கோவில்காரர் பதில் எழுதும் பகுதி. இந்த இதழில், நாய் வளர்க்கும் வாசகர்களின் கேள்விகள்.)

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வில் இருக்கிறார். கண் விழித்ததும் "மணி சாப்பிட்டானா?" என்றுதான் கேட்டார். மணி எங்கள் நாட்டு நாய், வயது ஒன்பது. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டாலே கதவுக்கு ஓடுகிறான். அப்பாவிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? அவனை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா?
- வாசகி, டோம்பிவிலி

மகளே, உண்மையைச் சொல். நீ என்ன செய்கிறாய் என்பதையும் சேர்த்துச் சொல். "நேத்து சரியா சாப்பிடலப்பா, இன்னைக்கு தயிர்சாதம் வெச்சேன், பாதி சாப்பிட்டான், சாயங்காலம் நான்தான் வாக்கிங் கூட்டிப் போனேன்" என்றால் அவர் நம்புவார். "நல்லா இருக்கான், கவலைப்படாதீங்க" என்று மொட்டையாகச் சொன்னால் நம்ப மாட்டார். ஒன்பது வருஷம் வளர்த்தவருக்குத் தெரியாதா, அவர் இல்லாத வீட்டில் அது எப்படி இருக்கும் என்று? சந்தேகம் வந்தால் ராத்திரி தூக்கம் போகும். தூக்கம் போனால் நாடியும் பிரஷரும் ஏறும்.

நாய்க்குச் சோறு வைக்க ஆளில்லை என்பதற்காக, டாக்டர் பேச்சை மீறிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் 'பிடிவாதக்காரர்' என்று நர்ஸுகள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு கொதிக்கும். அட்மிஷன் அன்றைக்கே "வீட்டில் நாய், பூனை உண்டா? யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று யாராவது கேட்டிருந்தால் பாதிப்பேர் போயிருக்க மாட்டார்கள். சர்க்கரை இருக்கிறதா, அலர்ஜி இருக்கிறதா என்று கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்கலாம். இந்தப் பத்தியைப் படிக்கும் நர்ஸ் பிள்ளைகளிடம் நான் மன்றாடிக் கேட்பது இது.

ஐ.சி.யு.வுக்குள் மணியைக் கூட்டிப் போகக் கேட்காதே. நெஞ்சைத் திறந்து தைத்தவர்கள் படுத்திருக்கும் இடம் அது. அப்பாவை வார்டுக்கு மாற்றிய பிறகு, சர்ஜனும் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் சம்மதித்தால், வீல்சேரில் கீழே வாசல் வரை இறக்கி ஒரு பத்து நிமிஷம் காட்டலாம். கூச்சப்படாமல் கேள். நீண்டநாள் நோயாளிகளுக்கு ஒரு சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே 160 வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார். அந்த வார்டில் முடியாது என்று சொல்லிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். போனில் வீடியோ காட்டு, அதுவே அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அவர் குரலைக் கேட்டு மணி வீடெல்லாம் தேடித் தவித்தால், வீடியோ காலை நிறுத்திவிடு, நீ எடுத்து வைத்த வீடியோவை மட்டும் அப்பாவுக்கு அனுப்பு.

மணிக்கு வேண்டியது அப்பாவின் வாசனை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவர் கட்டியிருந்த லுங்கியோ தலையணை உறையோ துவைக்காமல் கிடந்தால் அவன் படுக்கிற இடத்தில் போடு. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரிகரி பர்ன்ஸ் குழுவினர், நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பலவிதமான வாசனைகளை முகரக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்மையை எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மிக அதிகமாக விழித்துக்கொண்டது. இத்தனைக்கும் அந்த மனிதர் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் உடுத்திய துணியை மட்டும் கொண்டுபோய்ப் போடாதே, அங்கே இருக்கும் கிருமிகள் வேறு ரகம்.

இன்னொன்று. சாப்பிடாததெல்லாம் ஏக்கம்தான் என்று முடிவு கட்டிவிடாதே. ஒன்பது வயது நாய்க்குப் பல்லோ சிறுநீரகமோ கெட்டிருக்கலாம். தண்ணீர் குடிக்கவில்லை என்றாலோ, இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடு.

வீட்டுக்கு வரும் நாள்தான் ஆபத்தான நாள். மணி பாய்ந்து நெஞ்சில் காலை வைப்பான், அப்பாவும் தடுக்க மாட்டார். அறுத்த நெஞ்செலும்பு கூடவே ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, சங்கிலியை நீ பிடித்துக்கொண்டு மணியைப் பக்கத்தில் விடு. நெஞ்சிலோ, ரத்தக்குழாய் எடுத்த காலிலோ உள்ள தையலை அவன் நக்கக் கூடாது. சங்கிலியை அப்பா கையில் எப்போது கொடுக்கலாம் என்று சர்ஜன் சொல்லட்டும். கொடுத்த பிறகு தினசரி நடைக்கு மணியைப் போல் ஆள் கிடைக்காது. எரிகா ஃப்ரீட்மன் குழு 1980-இல் வெளியிட்ட ஆய்வில் 92 இதய நோயாளிகள் இருந்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 3 பேர், வளர்க்காத 39 பேரில் 11 பேர். சின்ன ஆய்வுதான், நாய் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு, சந்தோஷப்படுவார்.

கேள்வி: மனைவிக்குக் கீமோ நடக்கிறது. எங்கள் லாப்ரடாரை எங்காவது விட்டுவிடச் சொல்லி பில்டிங்கில் தினமும் ஒருவர் அறிவுரை சொல்கிறார். மனைவி அழுகிறாள்.
- வாசகர், செம்பூர்

தம்பி, விட வேண்டாம். எங்காவது கொண்டுபோய் விடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. நாய் வளர்க்கக் கூடாது என்று பில்டிங் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) தடை போட முடியாது என்பதை விலங்கு நல வாரியம் 2015-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கீமோ ஏறிய 7 முதல் 14 நாளில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் நாய் ஒரே கட்டிலில் படுக்க வேண்டாம். முகத்தையோ, புண்ணையோ, மருந்து ஏற்றும் குழாய் இருக்கும் இடத்தையோ எப்போதுமே நக்க விடக் கூடாது. மலம் அள்ளுவது உங்கள் வேலை. நகம் வெட்டி வையுங்கள், பச்சைக் கறி போடாதீர்கள், பூச்சி மருந்தும் தடுப்பூசியும் தேதி தவறக் கூடாது. நாயின் மூக்கில் விடும், உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பு மருந்து ஒன்று உண்டு. அதைப் போடுமுன் வீட்டில் கீமோ நடப்பதை நாய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊர் மழையில் தெருவில் நிற்கும் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதில் நாயை இறக்காதீர்கள், வந்ததும் காலைக் கழுவித் துடையுங்கள். இவ்வளவும் சரியாக நடந்தால் நாய் உங்கள் மனைவியின் காலடியில் படுத்திருக்கட்டும். தடவிக் கொடுத்துவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவைப்படும்.

கேள்வி: முட்டி மாற்று ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறிக்கச் சொல்லி ரொம்ப நாளாகிறது. மகன் துபாயில். தனியாக இருக்கிறேன். என் நாய் ராணியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.
- வாசகி, சயான் கோலிவாடா

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஓடிப்போய்ச் சேரும் அவசரம் உங்களுக்கு இல்லை, தேதியை நாமே வைக்கலாம். அதுவரை ராணியைத் தயார் செய்யலாம். பார்த்துக்கொள்ளப் போகிறவர் வீட்டில் முதலில் ஒரு பகல், அப்புறம் ஒரு ராத்திரி, நீங்கள் ஊரில் இருக்கும்போதே விட்டுப் பாருங்கள். அவர் மராத்திக்காரர் என்றால் சாப்பாட்டு நேரம், மருந்து, டாக்டர் போன் நம்பர் எல்லாம் மராத்தியில் எழுதிக் கொடுங்கள். ராணிக்குத் தமிழ்தானே தெரியும்? 'வா', 'உக்காரு', 'வேண்டாம்' என்பதை அவர் படிக்கிற எழுத்தில் எழுதி, சொல்லியும் காட்டுங்கள்.

தடுப்பூசி பாக்கியிருந்தால் பரேலுக்குக் கூட்டிப் போகலாம். கே.இ.எம்., வாடியா ஆஸ்பத்திரிகள் இருக்கும் ஆச்சார்ய தோந்தே மார்க்கிலேயே, அந்தக் காலத்து மில் அதிபர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் தம் மனைவி பெயரில் ஏற்படுத்திய பாய் சகர்பாய் விலங்கு மருத்துவமனையும் இருக்கிறது.

வாக்கரோடு நடக்கும் நாட்களில் ராணி காலுக்குள் புகுந்தால் விழுந்துவிடுவீர்கள். அதனால் தையல் பிரித்து, நடை உறுதியாகும் வரை அவள் அங்கேயே இருப்பது நல்லது. இடையில் பார்க்க ஆசையாக இருந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கூட்டி வரச் சொல்லுங்கள். முட்டியை நக்க விடவே கூடாது. நாய் எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற கிருமி செயற்கை மூட்டுக்குள் புகுந்து சீழ் வைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அட்மிஷன் அன்று நர்ஸ் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: வீட்டில் நாய் இருக்கிறது, இன்னார் பார்த்துக்கொள்கிறார், இது அவர் நம்பர். மகன் நம்பருக்குக் கீழே அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ராணி அந்த வீட்டில் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கிவிட்டால், மறுநாள் காலையிலேயே டாக்டருக்குப் போன் போட்டுத் தேதி வாங்கிவிடுங்கள்.