நெல் ஸ்டோர் மாதிரி ஒரு கோவில்

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு கிறிஸ்தவக் கோவிலின் படம் அனுப்பியிருந்தான். எசெக்ஸ் பக்கம், கடலோரத்தில் பிராட்வெல் என்ற சின்ன ஊராம். பார்த்தால் எங்கள் ஊர் நெல் ஸ்டோர் மாதிரி இருக்கிறது, கோபுரம்கூட இல்லை. இங்கிலாந்தின் மிகப் பழைய கோவில்களில் இது ஒன்று என்கிறான். உண்மையா, இல்லை என்னைப் பேய்க்காட்டுகிறானா?
- வாசகி ஒருவர், முழங்காவில்

பதில்: பேய்க்காட்டவில்லை அம்மா. அதேநேரம் உங்கள் கண்ணும் பிழையில்லை, அது நெடுங்காலம் தானியக் களஞ்சியமாகத்தான் இருந்தது!

அது புனித பேதுரு சிற்றாலயம். வடக்கே லிண்டிஸ்பார்ன் மடத்தில் இருந்து வந்த செட் என்ற துறவி 654ஆம் ஆண்டளவில் கட்டியது. அந்த இடத்தில் அதற்கு முன்பே ஒத்தோனா என்ற ரோமர் கோட்டை ஒன்று பாழடைந்து கிடந்தது. செட் கல்லுக்கு எங்கும் அலையவில்லை, அந்தக் கோட்டையின் கல்லையும் செங்கல்லையும் எடுத்தே சுவரை எழுப்பிவிட்டார். மீள்குடியேறி வந்தபோது இடிந்த வீட்டுக் கல்லைத் தட்டி, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி, புது அத்திவாரத்துக்கு வைத்தோமே, அதே வேலைதான். கோட்டை மதில் இருந்த இடத்திலேயே கட்டியதால் 'மதில்மேல் பேதுரு' என்று பெயர். கோட்டையின் பெரும்பகுதியைப் பிறகு கடல் கொண்டுபோய்விட்டது.

செட் 664இல் கொள்ளைநோயில் இறந்துபோனார். காலப்போக்கில் வழிபாடு நின்று, கமக்காரர் கைக்குப் போய், பக்கச் சுவரை இடித்து வண்டில் போய்வர வாசல் வைத்தார்கள். கோவிலை இப்படியா வைத்திருப்பது என்று உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்கு வரவில்லை. தானியம் நனையாமல் இருக்கவேண்டும் என்றாவது யாரோ கூரையைப் பார்த்துக்கொண்டார்களே. பீடம் இருந்த வளைவுப் பகுதியும் முன் மண்டபமும் போய்விட்டன, நடுக்கூடம் மட்டும் நிற்கிறது. 1920இல் திருத்தி மறுபடி அர்ச்சித்தார்கள். இப்போது ஒவ்வொரு யூலையிலும் யாத்திரை நடக்கிறது. நம்முடைய மடு மாதா கோவில் திருவிழாவைப்போல வாரக்கணக்கில் தறப்பாள் கட்டித் தங்குகிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு நாள்தான்.

அந்த ஊருக்கு ரயில் இல்லை. சவுத்மின்ஸ்டரில் இறங்கி வேறு வாகனம் பிடிக்கவேண்டும், அப்புறம் கடைசித் துண்டு வயல்வழியே நடை. உங்கள் அண்ணன் மகன் அடுத்தமுறை போனால் தூரத்தில் நின்று படம் எடுக்காமல் பக்கச் சுவருக்குக் கிட்டப் போகச் சொல்லுங்கள். வண்டில் நுழைந்த வாசலை அடைத்த தடம் இன்னும் தெரிகிறது.